திரைத் தோற்றத்தைப் புதிய கணினிக்கு எடுத்துச் செல்லுதல்

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. இதனால் பழைய கணினியை மாற்றவோ, அதில் வேறோர் இயங்குதளத்தை நிறுவவோ வேண்டிய நிலை பல இல்லங்களில் ஏற்பட்டுள்ளது. ஆவணங்களையும் ஒளிப்படங்களையும் பிரதியெடுத்து வைக்கவேண்டும் என்பதைப் பெரும்பாலோர் அறிவர். நாள்தோறும் பார்த்துப் பழகிய திரையின் தோற்றத்தைப் பற்றி எவரும் எண்ணுவதில்லை.

வயது முதிர்ந்த ஒருவருக்கு அத்தோற்றம் வெறும் அலங்காரமன்று. ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஊர்க்கோயிலின் படம் பின்னணியிலும், கடுநீல நிறம் சாளரங்களிலும், பெரிய வெண்ணிறச் சுட்டிமுனை கையருகிலும் இருக்கக் கணினியைப் பயன்படுத்திப் பழகிய ஓர் அம்மம்மாவுக்குப் புதிய கணினி அந்நியமான பொருளாகவே தோன்றும். சுட்டிமுனை எங்கே என்று தேடிக் களைத்து, சில நாட்களில் அவர் அதைத் திறப்பதையே விட்டுவிடக்கூடும். பிள்ளைகளோடும் உறவினரோடும் அவர் கொண்டிருந்த தொடர்பும் அதனோடு குறைந்துவிடும்.

ஆகவே, ஒரு கணினியில் அமைத்த திரைத் தோற்றத்தை மற்றொன்றுக்குக் கொண்டுசெல்லும் முறையை இப்பாடம் விளக்குகின்றது. அத்தோற்றத்துடன் எவை செல்லும், எவை செல்லமாட்டா, நாம் அறியாமலே எவை உடன் செல்லக்கூடும் என்பனவற்றையும் காண்போம்.

1. தோற்றத் தொகுப்பு என்றால் என்ன?

பின்னணிப் படம், சாளரங்களின் நிறம், ஒலிகள், சுட்டிமுனையின் வடிவம் ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பெயரிட்டு வைத்திருப்பதையே ஆங்கிலத்தில் தீம் என்பர். ஜேர்மன் மொழியிலுள்ள விண்டோஸ் கணினிகளில் இது டிசைன் எனப்படுகின்றது. 1995இல் விண்டோஸ் 95 இயங்குதளத்துடன் தனியாக விற்கப்பட்ட மைக்ரோசொஃப்ட் பிளஸ் என்னும் இணைப்புத் தொகுப்பின் மூலமே இத்தகைய தோற்றங்கள் விண்டோஸ் பயனர்களிடையே பரவின.

விண்டோஸில் இதற்கு மூன்று வகையான கோப்புகள் உள்ளன. அவற்றின் வேறுபாட்டை அறியாமையே பெரும்பாலான ஏமாற்றங்களுக்குக் காரணம்.

முதலாவது, 'தீம்' என்னும் பின்னொட்டு மட்டுமுடைய கோப்பு. இது ஒரு குறிப்புச்சீட்டைப் போன்றது. 'இப்படம் இன்ன கோப்புறையில் உள்ளது, இந்நிறத்தைப் பயன்படுத்துக' என்ற விவரமே இதில் எழுதப்பட்டிருக்கும். படம் இதனுள் இராது. இக்கோப்பை மட்டும் புதிய கணினிக்குக் கொண்டுசென்றால், அது சுட்டும் இடத்தில் படம் இல்லாமையால் பின்னணி வராது.

இரண்டாவது, 'தீம்பேக்' கோப்பு. இது விண்டோஸ் 7 காலத்தில் அறிமுகமானது. மூன்றாவது, விண்டோஸ் 8 முதல் இன்றுவரை வழங்கும் 'டெஸ்க்தீம்பேக்' கோப்பு. இவ்விரண்டும் கட்டி முடிந்த பொதிகளைப் போன்றவை. படங்களும் இவற்றினுள்ளேயே அடங்கியிருக்கும். கணினி விட்டுக் கணினிக்குக் கொண்டுசெல்ல வேண்டியது இத்தகைய பொதியையே. டெஸ்க்தீம்பேக் பொதியை விண்டோஸ் 7 கணினியில் திறக்க இயலாது என்பதையும் நினைவிற் கொள்க.

2. விண்டோஸ் கணினியிலிருந்து விண்டோஸ் கணினிக்கு

பழைய கணினியில் செய்யவேண்டியவை:

அ. திரையின் வெற்றிடத்தில் சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தி, 'அன்பாசன்' என்பதைத் தெரிவுசெய்க. தோன்றும் பக்கத்தில் 'டிசைன்ஸ்' என்னும் பகுதிக்குச் செல்க.

ஆ. இப்பொழுது பயன்பாட்டிலுள்ள தோற்றத்திற்கு ஒரு பெயரிட்டுச் சேமிக்க. 'அம்மம்மா திரை' என்பது போன்ற எளிய பெயரே போதும்.

இ. பயன்பாட்டிலுள்ள அத்தோற்றத்தின் சிறுபடத்தின் மீது வலப்பொத்தானை அழுத்துக. பகிர்வதற்காகச் சேமித்தல் என்னும் பொருள் தரும் தெரிவு அங்கே வரும். அதனைத் தெரிந்து, யூ.எஸ்.பி. குச்சியொன்றில் கோப்பைச் சேமிக்க.

ஈ. பின்னணிப் படங்களின் மூலப்பிரதிகளையும் அதே குச்சியில் தனிக் கோப்புறையாக இட்டுக்கொள்க. தோற்றப் பொதி ஒளிப்படங்களைப் பாதுகாக்கும் பெட்டகமன்று.

உ. கடைசியாக, பழைய திரையைக் கைத்தொலைபேசியால் ஒரு படம் பிடித்துக்கொள்க. இதன் தேவை அடுத்த பகுதியில் விளங்கும்.

புதிய கணினியில் குச்சியைச் செருகி, பொதியின் மீது இருமுறை சொடுக்கினால் தோற்றம் உடனே மாறும். இரு திரைகளின் அகல உயர விகிதம் வேறுபட்டால் படத்தின் ஓரங்கள் வெட்டுப்படலாம். அவ்வாறாயின் பின்னணிப் படத்திற்கான அமைப்புப் பக்கத்தில் படம் முழுமையாகப் பொருந்துமாறு மாற்றிக்கொள்ளலாம்.

இரு கணினிகளிலும் ஒரே மைக்ரோசொஃப்ட் கணக்கினால் நுழைபவர்களுக்குச் சில விருப்ப அமைப்புகள் இணையம் வழியே தாமாக வந்துசேரலாம். எனினும் அதனை மட்டும் நம்பிப் பழைய கணினியை அழித்துவிடுதல் தகாது.

3. உடன் செல்லாதவை

பொதி தோற்றத்தை மட்டுமே சுமக்கும். பின்வருவனவற்றைப் புதிய கணினியில் நாமே மீண்டும் அமைத்தல் வேண்டும்.

எழுத்தின் அளவும் திரையின் உருப்பெருக்கமும்: பார்வை குறைந்தோருக்கு இவையே இன்றியமையாதவை. பழைய கணினியில் உருப்பெருக்கம் எத்தனை விழுக்காடு என்பதைத் தாளில் குறித்துக்கொண்டு, புதியதிலும் அதை ஒட்டியே அமைக்க.

திரையிலுள்ள குறுக்குவழிகளும் அவற்றின் ஒழுங்கும்: முதியோர் பலர் எழுத்தை வாசித்தன்று, இடத்தை நினைவிற் கொண்டே சொடுக்குவர். 'இடப்பக்க மூலையில் மூன்றாவது' என்பதே அவர்களுக்கு முகவரி. கைத்தொலைபேசியிற் பிடித்த படத்தைப் பார்த்து ஒவ்வொன்றையும் பழைய இடத்திலேயே வைத்துக்கொடுங்கள்.

தமிழ் விசைப்பலகை: இதனை மொழி அமைப்புகளில் தனியே சேர்க்கவேண்டும். இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற மென்பொருள்களால் தட்டச்சுச் செய்து பழகியவர்கள் அவற்றைப் புதிய கணினியில் மீண்டும் நிறுவுதல் வேண்டும்.

எழுத்துருக்கள்: ஒருங்குறியில் எழுதிய தமிழ், புதிய விண்டோஸ் கணினிகளில் தானாகவே தெரியும், நிர்மலா என்னும் எழுத்துரு விண்டோஸுடனேயே வருகின்றது. ஆனால் புலம்பெயர்ந்த ஈழத்தமிழரிடையே நெடுங்காலம் வழங்கிய பாமினி எழுத்துருவின் நிலை வேறு. பாமினியில் எழுதிய சங்க அறிக்கையோ திருமண அழைப்பிதழோ, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற இலத்தீன் எழுத்துகளாகவே காட்சியளிக்கும். அறியாதவர் கோப்புப் பழுதடைந்துவிட்டதென எண்ணி அழித்துவிடுவர். ஆகவே பழைய கணினியின் எழுத்துருக் கோப்புறையிலிருந்து பாமினிக் கோப்பையும் குச்சியில் பிரதியெடுத்துச் செல்க.

4. லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு

பழைய கணினியை வீசாமல் அதில் லினக்ஸ் நிறுவிப் பயன்படுத்துவோரும் உள்ளனர். விண்டோஸ் தோற்றப் பொதி லினக்ஸில் அப்படியே இயங்காது. ஆயினும் அதிலுள்ள படங்கள் வீணாவதில்லை. டெஸ்க்தீம்பேக் என்பது உள்ளபடி ஒரு சுருக்கக் கோப்பே. செவன்-சிப் போன்ற மென்பொருளால் அதனைப் பிரித்துப் படங்களை வெளியே எடுக்கலாம்.

லினக்ஸ் கணினியிலிருந்து மற்றொரு லினக்ஸ் கணினிக்குச் செல்லும்போது, இரண்டிலும் ஒரே வகையான திரைச்சூழல் இருத்தல் வேண்டும். லினக்ஸ் மின்டின் சின்னமன் சூழலில், நீங்கள் சேர்த்த தோற்றங்களும் குறும்படங்களும் உங்கள் முதன்மைக் கோப்புறையினுள் 'தீம்ஸ்', 'ஐகான்ஸ்' என்னும் பெயர்களுக்கு முன் புள்ளியிட்ட இரு மறைகோப்புறைகளில் இருக்கும். ஜேர்மன் விசைப்பலகையில் 'ஸ்டொயருங்' விசையுடன் எச் விசையை அழுத்தினால் மறைகோப்புறைகள் தெரியும். அவ்விரண்டையும் பிரதியெடுத்துப் புதிய கணினியில் அதே இடத்தில் இட்டபின், அமைப்புப் பக்கத்தில் தோற்றத்தை மீண்டும் ஒருமுறை தெரிவுசெய்க.

5. பிறரிடமிருந்து பெறும் தோற்றங்கள்

நண்பர் அனுப்பியது, இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது என்று தோற்றங்களைத் தயக்கமின்றித் திறப்போர் பலர். தோற்றம் என்பது வெறும் படம்தானே என்ற எண்ணமே இதற்குக் காரணம். அவ்வெண்ணம் தவறென்பதை இரு நிகழ்வுகள் காட்டின.

2023 செப்டெம்பரில் விண்டோஸின் தோற்றக் கோப்புகள் தொடர்பான கடுமையான பாதுகாப்புக் குறையொன்று திருத்தப்பட்டது. தீய நோக்குடன் உருவாக்கப்பட்ட தோற்றக் கோப்பொன்றைத் திறந்தாலே, தாக்குபவரின் நிரல் கணினியில் இயங்கக்கூடிய நிலை அதுவரை இருந்தது. இற்றைப்படுத்தப்படாத கணினியில் அவ்வாயில் இன்னும் திறந்தே கிடக்கும்.

இரண்டாவது நிகழ்வு கே.டி.ஈ. என்னும் லினக்ஸ் திரைச்சூழலைச் சார்ந்தது. 1996இல் டியூபிங்கன் நகரில் மத்தியாஸ் எட்ரிச் என்னும் மாணவர் தொடங்கிய இத்திட்டத்தின் சங்கம், நமக்கு அயலிலே பேர்லினில் தன் அலுவலகத்தைக் கொண்டுள்ளது. 2024 மார்ச்சில், கே.டி.ஈ. தோற்றங்களுக்கான இணையக் களஞ்சியத்திலிருந்து ஒருவர் நிறுவிய தோற்றமொன்று அவருடைய சொந்தக் கோப்புகளை அழித்துவிட்டது. அது திட்டமிட்ட தீங்கன்று. தோற்றத்தினுள் இருந்த நிரலின் பிழையே. பிறர் உருவாக்கிய தோற்றங்களினுள்ளும் இயங்கும் நிரல்கள் இருக்கக்கூடும் என்பதைக் கே.டி.ஈ. உருவாக்குநர்கள் அதன்பின் பயனர்களுக்கு வலியுறுத்தினர்.

ஆகவே, அறியாதவர் அனுப்பிய தோற்றக் கோப்பைத் திறவாதீர்கள். அறிந்தவரிடம் பெறுவதாயினும் படத்தை மட்டும் கேட்டுப் பெற்று, தோற்றத்தை நீங்களே அமைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

6. பிறருக்கு நாம் கொடுக்கும் தோற்றங்கள்

பொதியினுள் படங்கள் இருக்கும் என்றோம். பத்துப் படங்கள் மாறி மாறித் தோன்றுமாறு அமைத்திருந்தால் பத்தும் அதனுள் செல்லும். திரையில் இப்பொழுது தெரிவது ஒன்றேயாயினும், பெறுபவர் அனைத்தையும் காண்பார். கைத்தொலைபேசியில் எடுத்த படமாயின், எடுத்த இடமும் நேரமும் பற்றிய விவரம் படத்தினுள் பதிந்திருக்கக்கூடும்.

ஜேர்மனியில் ஒருவரின் உருவப்படத்தை அவருடைய இசைவின்றிப் பரப்புவதை 1907ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் 22ஆம் பிரிவு பொதுவாகத் தடைசெய்கின்றது. அப்பிரிவு இன்றும் நடைமுறையில் உள்ளது. பேரப்பிள்ளைகளின் படம் கொண்ட தோற்றத்தைக் குடும்பத்திற்குள் பகிர்வது வேறு, பெரிய குழுவொன்றுக்கு அனுப்புவது வேறு. அத்தகைய பொதியை அனுப்புமுன் பெற்றோரின் இசைவைக் கேட்டுக்கொள்க.

7. பழைய கணினியைக் கைவிடுமுன்

புதிய கணினியில் பொதியைத் திறந்து, அனைத்தும் வந்துள்ளதைக் கண்ணாற் கண்ட பின்னரே பழையதை அழித்தல் வேண்டும். இயன்றால் இரண்டு கிழமைகள் இரண்டையும் வைத்திருங்கள். விடுபட்டவை அன்றாடப் பயன்பாட்டில்தான் தெரியவரும்.

அதன்பின் பழைய கணினியைப் பேர்லின் துப்புரவு நிறுவனமான பி.எஸ்.ஆரின் மீள்சுழற்சி நிலையத்தில் ஒப்படைக்கலாம். நொய்கெல்ன் வட்டாரத்தில் கிராடெ தெருவில் அத்தகைய நிலையம் உள்ளது. கணினியிலுள்ள சொந்தத் தரவுகளை அழிப்பது, அதனை ஒப்படைப்பவரின் பொறுப்பே.

பயிற்சி

இன்றே உங்கள் கணினியின் தோற்றத்தைப் பெயரிட்டுச் சேமித்து, பகிர்வதற்கான பொதியாக யூ.எஸ்.பி. குச்சியில் எடுத்துப் பாருங்கள். பின்னர் ஒரு தாளில் நான்கு வரிகள் எழுதுங்கள்: உருப்பெருக்க விழுக்காடு, விசைப்பலகையின் பெயர், தேவையான எழுத்துருக்கள், மூலப் படங்கள் உள்ள கோப்புறை. தாளையும் குச்சியையும் ஒரே உறையில் இட்டு வையுங்கள். கணினி எதிர்பாராமல் பழுதடைந்தாலும், உங்கள் வீட்டு முதியவர் புதிய கணினியின் முன் அமரும்போது தாம் பழகிய திரையையே காண்பார்.