முன் அப்சோர்பரைத் திரும்பப் பூட்டும்போது

மைவி, சாகா போன்ற கார்களின் முன்பக்கம் இருப்பது மெக்பர்சன் வகை அப்சோர்பர்; ஸ்பிரிங்கும் அதோடு சேர்ந்தே இருக்கும். ஜொகூரின் செம்பனைத் தோட்டச் சாலைகளில் தினமும் ஓடும் காருக்கு இது சீக்கிரம் தளர்ந்துவிடும். வீட்டிலேயே பூட்டுவதானால் சிமெண்டுத் தரை அவசியம். மழை ஊறிய மண்ணில் ஜாக் புதையும். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் கை நீட்டவே கூடாது. ஸ்டாண்டு வைத்த பிறகே வேலை.

முதலில் மேல்முனையைத் துளைகளில் ஏற்றி, சுற்றியுள்ள நட்டுகளைக் கையால் சில சுற்று திருகுங்கள். நடுவிலுள்ள பெரிய நட்டைத் தொடாதீர்கள். அழுத்தி வைத்த ஸ்பிரிங்கைப் பிடித்திருப்பது அதுதான். கழன்றால் உயிருக்கே ஆபத்து.

பலரும் திணறுவது கீழ்ப்பக்கம்தான். சக்கரம் மாட்டும் பாகம் வெளிப்புறம் சாய்ந்து தொங்கும். பிரேக் ஹோஸ் இழுபடும், டிரைவ் ஷாஃப்ட் கழன்று வரவும் கூடும். அந்தப் பாகத்தைக் கம்பியால் கட்டி வையுங்கள். பிறகு இன்னொரு ஜாக்கால் கீழ் ஆர்மை மெல்ல உயர்த்தினால் துளைகள் நேராகும், போல்ட் தானாக நுழையும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் மரை கெடும். பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் முறுக்கில்லாமல் பழைய கிளிப்பிலேயே உட்காரட்டும்.

கீழ் நட்டுகளைப் புதிதாகப் போடுவது நல்லது. இறுக்கும் அளவு காருக்குக் கார் மாறும். சர்வீஸ் புத்தகத்தைப் பார்த்து டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள். அலைன்மென்ட்டை மட்டும் பட்டறையில் செய்துகொள்ளுங்கள், தள்ளிப்போட்டால் டயரின் ஓரம் தேயும். 100 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளை மறுபடி சரிபாருங்கள்.