சிதைந்த எழுத்தும் சீராக்கும் முறையும்

கருவி எதுவாயினும், அதன் இயல்பறிந்து ஆள்வார்க்கே அது முழுப்பயன் நல்கும். ஏர் ஓடாது நின்றால் உழவன் அதனை வெட்டி எறிவதில்லை. கொழு தேய்ந்ததோ, கயிறு தளர்ந்ததோ, மண் இறுகியதோ என ஒவ்வொன்றாக நோக்குகின்றான். காரணம் கண்டபின் அதனை மட்டும் திருத்துகின்றான். கணினியும் ஒரு கருவியே. அதனை ஆள்வார்க்கு நாள்தோறும் சிறு தொல்லைகள் பல நேர்கின்றன. அவற்றுள் தமிழ் எழுதுவாரைப் பெரிதும் வருத்துவது எழுத்துச் சிதைவு. அதன் காரணத்தையும், அதனைத் தீர்க்கும் முறையையும் இப்பாடத்தில் காண்போம்.

பொருநை ஆற்றங்கரையிலுள்ள ஸ்ரீவைகுண்டம், 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த குமரகுருபர அடிகள் பிறந்த ஊர். அவ்வூர் மாணவன் ஒருவன் அடிகளைப் பற்றிய கட்டுரை ஒன்றைக் கணினியில் எழுதி, பள்ளி ஆண்டு மலரில் அச்சிடும்பொருட்டுத் தூத்துக்குடியிலுள்ள அச்சகத்திற்கு அனுப்புகின்றான் எனக் கொள்வோம். அச்சகத்தார் கோப்பைத் திறக்கின்றனர். 'தமிழ்' என்று இருக்கவேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கின்றன. கணினி பழுதுற்றது என்பார் ஒருவர். தமிழ் கணினிக்கு ஒவ்வாது. ஆங்கிலத்தில் எழுதி அனுப்புக என்பார் மற்றொருவர். இவ்விரு கூற்றும் பொருந்தா. கணினி தனக்கு இட்ட பணியைச் செவ்வனே செய்திருக்கின்றது. அங்ஙனமாயின், இடையில் நேர்ந்தது யாது?

கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். நாம் எழுதும் ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண்ணாகவே அதன் நினைவகத்தில் தங்குகின்றது. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என வகுத்த அட்டவணைக்குக் குறியாக்கம் என்று பெயர். அவ்வெண்ணுக்குரிய வடிவத்தைத் தன்பால் கொண்டிருப்பது எழுத்துரு. கோப்பைத் திறந்து, எண்ணைப் படித்து, எழுத்துருவிலிருந்து வடிவத்தை எடுத்துத் திரையில் நிறுத்துவதற்கு அடிப்படையாய் நிற்பது இயங்குதளம். விண்டோஸ், லினக்ஸ் முதலியன இயங்குதளங்களே. இம்மூன்றும் ஒத்து நின்றால் எழுத்துத் தோன்றும். ஒன்று மாறினும் சிதையும்.

அமெரிக்க நாட்டார் 1963ஆம் ஆண்டில் வகுத்த அட்டவணையில் இருந்த இடங்கள் 128. அதில் ஆங்கிலப் பெரிய எழுத்தாகிய 'ஏ'க்கு உரிய எண் 65. பின்னர் அவ்விடங்கள் 256ஆக விரிவுற்றன. ஆங்கிலத்திற்கு உரிய இடம் போக எஞ்சியவற்றில் நம் 247 எழுத்துகளும் தனித்தனியே அடங்கா. ஆதலின், தமிழ் எழுத்துரு ஆக்கியோர் கொம்பு, கால், புள்ளி ஆகியவற்றைப் பிரித்துத் தனித்தனி இடங்களில் அமைத்தனர். சிலர் ஆங்கில எழுத்துகளின் இடங்களிலேயே தமிழ் வடிவங்களைப் பொருத்தினர். ஈழத்தமிழரிடையே பெரிதும் வழங்கிய 'பாமினி' இவ்வகையினது. அதில் ஜே என்பதன் இடத்தில் தகரமும், கே என்பதன் இடத்தில் மகரமும், அரைப்புள்ளியின் இடத்தில் மெய்யின் புள்ளியும் உள்ளன. அவ்வெழுத்துரு இல்லாத கணினி, அவ்வெண்களுக்குரிய ஆங்கில எழுத்துகளையே காட்டும். மாணவன் கட்டுரைக்கு நேர்ந்தது இதுவே. ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வோர் அட்டவணையைப் பின்பற்றியமையால், ஓர் அலுவலகத்தில் எழுதிய தமிழ் அடுத்த அலுவலகத்தில் புரியாத நிலை ஏற்பட்டது.

இந்நிலையை நீக்க அறிஞர் பலர் முயன்றனர். 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் 'தமிழ்99' என்னும் விசைப்பலகை முறையும், தாம், தாப் என்னும் குறியாக்கங்களும் வகுக்கப்பெற்றன. உலக மொழிகள் அனைத்திற்கும் பொதுவாக அமைந்த ஒருங்குறி, 1991ஆம் ஆண்டில் வெளிவந்த தன் முதற்பதிப்பிலேயே தமிழையும் கொண்டிருந்தது. அதில் அகரத்தின் எண் 2949. ககரத்தின் எண் 2965. புள்ளியின் எண் 3021. இவ்வெண்கள் உலகில் எக்கணினியிலும் மாறா. 2010ஆம் ஆண்டில் தமிழக அரசும் ஒருங்குறியை ஏற்றது.

எழுத்து மயக்கம் தமிழுக்குப் புதிதன்று. பண்டை ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரங்கள் வேறுபாடின்றி எழுதப்பெற்றன. காலும் ரகரமும் ஒரே வடிவில் நின்றன. 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், ஸ்ரீவைகுண்டத்திற்கு அணித்தேயுள்ள ஆழ்வார்திருநகரி வரை வந்து ஏடு தேடியவர். ஏடு விளங்கவில்லை என்று அவர் ஒதுக்கினாரல்லர். பல படிகளை ஒப்புநோக்கி, மயக்கத்தின் காரணம் கண்டு, உண்மைப் பாடத்தைத் தெளிந்தார். கணினியில் எழுத்துச் சிதைந்தாலும் நாம் கைக்கொள்ள வேண்டிய நெறி அதுவே.

நோயின் குறியைக் கொண்டு நோயை அறிவான் மருத்துவன். எழுத்துச் சிதைவிற்கும் தனித்தனிக் குறிகள் உள. அவற்றை நாம் பிரித்தறிதல் வேண்டும்.

முதலாவது, பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தோன்றுதல். இது பழைய எழுத்துருவில் எழுதப்பெற்றது என்பதற்கு அடையாளம். அவ்வெழுத்துருவை நிறுவினால் தமிழ் மீண்டும் தோன்றும். மாற்றிமென்பொருள் கொண்டு ஒருங்குறிக்குக் கொணர்தல் அதனினும் நன்று.

இரண்டாவது, தலைமேல் சாய்கோடு பெற்ற ஆங்கில 'ஏ' எழுத்து மீண்டும் மீண்டும் வருதல். ஒருங்குறியில் எழுதிய தமிழைக் கணினி வேறோர் அட்டவணை கொண்டு படித்தமையால் நேர்வது இது. ஒருங்குறித் தமிழெழுத்து ஒவ்வொன்றும் 'யுடிஎஃப்-8' என்னும் முறையில் மூன்று சிற்றெண்களாகச் சேமிக்கப்படும். அவற்றுள் முதலெண் 224. பழைய ஐரோப்பிய அட்டவணையில் அவ்வெண்ணுக்குரியது அந்த 'ஏ'. கோப்பைத் திறக்கும்போது 'யுடிஎஃப்-8' என்பதைத் தேர்ந்தால் தமிழ் தெளியும்.

மூன்றாவது, வெறுங்கட்டங்கள் தோன்றுதல். எண் சரியாகவே உள்ளது. அதற்குரிய வடிவந்தான் கணினியில் இல்லை. தமிழ் ஒருங்குறி எழுத்துரு ஒன்றை நிறுவுதலே மருந்து. விண்டோஸ் 2000 என்னும் பதிப்பில் 'லதா' என்னும் தமிழ் எழுத்துரு இடம்பெற்றது. விண்டோஸ் 8 முதல் 'நிர்மலா' வந்தது.

நான்காவது, கொம்பு இடம் மாறுதலும் புள்ளிகளாலான வட்டம் தோன்றுதலும். 'கொ' என்னும் எழுத்தில் கொம்பு முன்னும் கால் பின்னும் நிற்பினும், ஒலிமுறையில் மெய்யே முதலில் வருவது. ஒருங்குறியும் மெய்யை முன்னும் உயிர்க்குறியைப் பின்னும் வைக்கின்றது. அதனைக் கண்ணுக்கு ஏற்ப ஒழுங்குசெய்து காட்டுவது இயங்குதளத்தின் கடமை. பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளில் இவ்வாற்றலைத் தனியே சேர்க்கவேண்டியிருந்தது. இக்காலக் கணினியில் வட்டம் தோன்றினால், மெய்யின்றி உயிர்க்குறி மட்டும் தட்டப்பெற்றது என்று கொள்க. அவ்வெழுத்தை அழித்து மீண்டும் எழுதுதல் போதும்.

ஐந்தாவது, சொல் கண்ணுக்குத் தெரிந்தும் தேடினால் அகப்படாமை. 'ஔவை' என்பதில் ஔகாரத்திற்கு மாற்றாக ஒகரத்தையும் ளகரத்தையும் தட்டியிருப்பர்; காலுக்கு மாற்றாக ரகரத்தைத் தட்டியிருப்பர். கண் ஏமாறும், எண் ஏமாறாது. உரிய எழுத்தை இட்டுத் திருத்துக.

ஆறாவது, எழுத்தனைத்தும் வினாக்குறிகளாய் நிற்றல். இதுவே அஞ்சத்தக்கது. தமிழுக்கு இடமில்லாத குறியாக்கத்தில் கோப்பைச் சேமித்தால், இயங்குதளம் தமிழெண்களை நீக்கி, வினாக்குறியின் எண்ணையே எழுதிவிடும். முன்னைய ஐந்திலும் எழுத்து மறைந்தோ மாறியோ இருக்கின்றது, ஆயின் இருக்கின்றது. இதிலோ எழுத்தே இல்லை. வேறொரு படி இல்லையேல், எழுதியது எழுதாததே ஆகும். ஆதலின், சேமிக்குங்கால் கணினி ஏதேனும் எச்சரித்தால் படியாது கடத்தல் தகாது.

விசைப்பலகையால் நேரும் சிறு தொல்லையும் ஒன்றுண்டு. கடவுச்சொல்லைச் சரியாகத் தட்டியும் கணினி ஏலாது. காரணம் பெரும்பாலும் எளிது: பலகை தமிழ் முறையிலேயே நிற்கும், அல்லது பெரிய எழுத்துக்குரிய விசை அழுந்தியிருக்கும். தமிழ்99 முறையில் ஆங்கில 'ஏ' விசை அகரத்தையே தரும். பலகை எம்மொழியில் உள்ளது என்பதைத் திரையின் மூலையில் நோக்கிய பின்னரே தட்டுதல் வேண்டும். அம்முறையில் ஒரு நயமும் உண்டு. ககரத்தை இருமுறை தட்டினால் முன்னதற்குத் தானே புள்ளி அமையும். ஙகரத்தின் பின் ககரம் தட்டினாலும் அவ்வாறே. இன எழுத்துகளைப் பற்றி இலக்கணத்தில் நாம் கற்றது விசைப்பலகையிலும் பயன்படுகின்றது.

கணினியில் எத்தொல்லை நேரினும் கைக்கொள்ளத்தக்க நெறிகள் நான்கு. மூலக்கோப்பைத் தொடாது, அதன் படி ஒன்றில் முயல்க. தொல்லையின் குறியைக் கண்டவாறே குறித்துக் கொள்க. அது கோப்பின் குறையோ கணினியின் குறையோ என்பதை, அக்கோப்பை வேறு கணினியிலும், வேறு கோப்பை அக்கணினியிலும் திறந்து அறிக. ஒருகால் ஒன்றை மட்டும் மாற்றி விளைவை நோக்குக; பலவற்றை ஒருங்கே மாற்றினால், எது தீர்த்தது என்பதும் எது கெடுத்தது என்பதும் விளங்கா.

இன்று புதிதாய் எழுதுவார் பெரும்பாலும் ஒருங்குறியிலேயே எழுதுகின்றனர். ஆயினும், பழைய எழுத்துருக்களில் எழுதப்பெற்ற ஊர் வரலாறுகளும், பள்ளி மலர்களும், நூற்படிகளும் குறுந்தட்டுகளிலும் பழைய கணினிகளிலும் இன்னும் கிடக்கின்றன. அவற்றைத் திறப்பவர், ஆங்கில எழுத்தின் குவியலைக் கண்டு குப்பையென அழித்தல் கூடும். ஓலையைச் செல்லரித்தது; ஆனால், இவற்றை அழிப்பது அறியாமை. காரணம் அறிந்த மாணவன் ஒருவன் அருகிருந்தால், அக்குவியல் மீண்டும் தமிழாகும். அத்தகைய கோப்பு உம் ஊரில் ஒன்று இருப்பினும், அதனைப் படியெடுத்து, ஒருங்குறிக்கு மாற்றி, எழுத்தெழுத்தாக ஒப்புநோக்கிக் காத்தல் உம் கடமை. ஏடு பெயர்த்து எழுதி நமக்குத் தந்த முன்னோர்க்கு நாம் செய்யும் கைம்மாறு அதுவே.

வினாக்கள்

1. குறியாக்கம், எழுத்துரு, இயங்குதளம் ஆகியவற்றின் வேறுபாடு யாது?
2. வெறுங்கட்டம் தோன்றுதற்கும் வினாக்குறி தோன்றுதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
3. ஓலைச்சுவடியில் நேர்ந்த மயக்கங்களுள் எது கணினியிலும் நேர்கின்றது?
4. ஒருகால் ஒன்றை மட்டும் மாற்றுதல் வேண்டும் என்பது ஏன்?