கண்ணுக்கு நிழல் தரும் நூலகம்

நூலகம் என்றதும் நம் நினைவுக்கு வருவன நூல்களே. அவற்றைப் படிக்கும் கண்களைப் பற்றி நாம் எண்ணுவதில்லை. என்னை எண்ண வைத்தது எங்கள் ஊர்க் கிளை நூலகம்.

விடுமுறை நாட்களில் நான் அங்குதான் படிப்பேன். பிற்பகல் இரண்டு மணி ஆனதும் மேற்குச் சாளரத்து வெயில் மேசைமேல் ஏறும். நாளிதழ் படிக்கும் பெரியவர் நாற்காலியைச் சுவரோரம் நகர்த்துவார். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் அண்ணன்மார் சாளரத்தை அடைத்து விளக்கைப் போடுவர், காற்று நின்றுவிடும். மூன்று மணிக்குள் பாதி நாற்காலிகள் காலியாகிவிடும். வீட்டில் தனியறை இல்லாதவர்களே பெரும்பாலும் அங்கு வருகிறார்கள். அவர்கள் எழுந்து போனால் படிக்க வேறு இடம் ஏது?

இக்கேள்வி மனத்தில் இருந்தபோதுதான் வீபுரி நூலகத்தைப் பற்றிப் படித்தேன். பின்லாந்தின் கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்ட்டோ வடிவமைத்த அந்நூலகம் 1935-இல் கட்டி முடிக்கப்பட்டது. போருக்குப் பின் அந்நகரம் சோவியத் நாட்டின் வசமாயிற்று; இன்று வைபோர்க் என்ற பெயரில் உருசியாவில் உள்ளது. பழுதடைந்திருந்த கட்டடம் நெடுங்காலப் பணிக்குப் பின் 2013-இல் முழுமையாகச் சீரமைக்கப்பட்டது.

இதை வடிவமைக்கும் நாட்களில் ஆல்ட்டோ பல சூரியன்கள் ஒளி வீசும் மலைச்சரிவுகளைக் குழந்தைபோல் வரைந்துகொண்டே இருந்தாராம். பிற்காலத்தில் அவரே இதை எழுதியிருக்கிறார். மலைச்சரிவு, படிப்படியாக உயரும் வாசிப்புத் தளங்களாயிற்று. பல சூரியன்கள், கூரையில் அமைந்த 57 வட்ட ஒளித்துளைகளாயின. ஒவ்வொன்றும் 1.8 மீட்டர் விட்டமுள்ள ஆழமான கூம்பு. ஒளி பல திசைகளிலிருந்து வருவதால் படிப்பவரின் தலையோ கையோ நூலின்மேல் நிழல் வீழ்த்துவதில்லை.

சரி, அதே கூரையை நம் ஊரில் போட்டுவிடலாமா? புவியியல் மாணவனாகிய நான் கணக்கிட்டுப் பார்த்தேன். வீபுரி ஏறத்தாழ 61 பாகை வட அட்சரேகையில் உள்ளது. அங்கு நடுக்கோடையிலும் நண்பகற் சூரியன் 53 பாகை உயரத்துக்கு மேல் ஏறுவதில்லை. சாய்வாக வரும் கதிர் கூம்பின் உட்சுவரில் பட்டுச் சிதறி, மென்மையாக இறங்குகிறது. திருச்சியோ ஏறத்தாழ 11 பாகையில் உள்ளது. இங்கே சித்திரையிலும் ஆவணியிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அக்கூம்பு வழியே வெயில் நேராக நம் தலையில் கொட்டும்!

அப்படியாயின் இயற்கையிடம் கற்பது என்பது வடிவத்தைப் படியெடுப்பதன்று. நம் வானத்தையும் நம் வெயிலையும் அறிவதேயாகும். நமக்கு ஆசிரியர் வேப்பமரம். அதன் இலையடுக்குகள் மேலிருந்து வரும் வெயிலைத் தடுக்கின்றன. பக்கவாட்டில் காற்றுக்கு வழி விடுகின்றன. நூலகமும் அவ்வாறே அமையலாம். வடக்கிலும் தெற்கிலும் அகன்ற சாளரங்கள் வேண்டும். அவற்றின்மேல் இறவாரம் நீள வேண்டும். மேற்கில் மாடிப்படியும் பொருளறையும் இருந்தால் வெயிலை அவை தாங்கிக்கொள்ளும். நடுவில் முற்றம் இருப்பின் வெப்பக் காற்று மேலெழுந்து வெளியேறும். நம் முன்னோர் வீடுகளில் கண்ட முறைதானே இது?

புதிய கட்டடம் எழுப்புவது நம் கையில் இல்லை என்பீர்கள். உண்மைதான். ஆயினும் சென்ற மழைக்காலத்தில் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் சிலர் சேர்ந்து, நூலகரின் இசைவோடு அந்த மேற்குச் சாளரத்துக்கு வெளியே இரண்டு வேப்பங்கன்றுகளை நட்டோம். அவை நிழல் தரும் வரை இருக்கட்டும் என்று மூங்கில் தட்டி ஒன்றும் கட்டினோம். இப்போது மூன்று மணிக்கும் பெரியவர் தம் இடத்திலேயே அமர்ந்து படிக்கிறார்.

கன்றுகள் சாளரத்தின் அடிவிளிம்பைத் தொட்டுவிட்டன. நான் இவ்வாண்டோடு கல்லூரியை விட்டுச் செல்கிறேன். அவ்வழியே செல்லும் தம்பி தங்கையர் கோடை விடுமுறையில் ஆளுக்கொரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டுகிறேன்.