கீமோவுக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

கேள்வி: மகனுக்கு 23 வயது, நிணநீர்ப் புற்றுநோய். அடுத்த கிழமை மஹரகமையில் கீமோ தொடங்குகிறார்கள். பின்னாளில் பிள்ளை கிடைக்காது என்கிறார்களே, வழியுண்டா? மார்க்கத்தில் இடமுண்டா?
– ஓர் உம்மா, கல்முனை

பதில்: வழியுண்டு, சகோதரி. ஆனால் கீமோவுக்கு முன்பே செய்துவிட வேண்டும். சில கீமோ மருந்துகள் விந்தணு உற்பத்தியைக் கெடுக்கும். சிலருக்கு அது மீளும், சிலருக்கு மீளாது. அதனால் மகனின் விந்தைச் சிறு குழாய்களில் அடைத்து, −196 பாகை செல்சியஸ் திரவ நைதரசனில் உறையவைப்பார்கள். ஓரிரு நாளில் முடிகிற வேலை; பல்லாண்டு கழித்தும் பயன்படும். இப்படி உறையவைத்த விந்தணுவால் 1953இலேயே கரு தரித்திருக்கிறது. பெண்பிள்ளைகளென்றால் ஹோர்மோன் ஊசி போட்டு முட்டை எடுக்க ஏறக்குறைய இரண்டு கிழமை வேண்டும்.

தனக்கென்று சேமித்து, நிக்காஹ் செய்த மனைவிக்கு மட்டும், மணவாழ்வு நீடிக்கும்போது பயன்படுத்துவதைப் பெரும்பாலான மார்க்க அறிஞர்கள் அனுமதிக்கிறார்கள். பிறருடையதைப் பெறுவதுதான் கூடாது.

கொழும்பிலுள்ள தனியார் கருத்தரிப்பு நிலையங்களில் விசாரியுங்கள். சேமிப்புக் கட்டணத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களிடம் பேச மகன் வெட்கப்படலாம். வாப்பாவோ காக்காவோ கூடப் போகட்டும். புற்றுநோய் வைத்தியரிடம் நாளைக்கே கேளுங்கள். அவர் சொல்லும் வரை காத்திருக்க வேண்டாம்.