ஊர்ப் பேர் வாங்கிய மரபணு

நம்பிக்கை: என்.டி.எம்-1 என்பது டெல்லியில் பிறந்த புதுக் கிருமி.

2010-இல் செய்தித்தாள்கள் இதை 'சூப்பர்பக்' என்று எழுதிய நாளிலிருந்து ஒட்டிக்கொண்ட எண்ணம் இது. உண்மையில் என்.டி.எம்-1 ஒரு நொதி. அதைச் செய்யச் சொல்லும் மரபணுவுக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். பென்சிலின் முதல், ஐ.சி.யு.வில் கடைசி நேரத்துக்கென எடுத்துவைக்கும் மெரோபெனம் வரை, பல மருந்துகளுக்கு நடுநாயகமான பீட்டா-லாக்டம் வளையத்தைத் துத்தநாகத்தின் துணையோடு அது உடைத்துப்போடும்.

புது டெல்லியில் மருத்துவமனையில் இருந்துவிட்டு ஸ்வீடன் திரும்பிய ஒரு நோயாளியின் சிறுநீரில், கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவில் இந்த மரபணு கிடைத்தது. அவருடைய மலத்தில் இருந்த ஈ.கோலையிலும் இதே மரபணு! இனமே வேறு. பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையத்தில் ஏறிக்கொண்ட மரபணு, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது. வேறு மருந்துகளை முறியடிக்கும் மரபணுக்களும் பெரும்பாலும் அதே வளையத்தில் கூடவே பயணிக்கும்.

2010-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியராக இருந்த ஆய்வு, இந்த மரபணு கொண்ட பாக்டீரியாக்களைச் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 எனப் பட்டியலிட்டது. 'என்.டி.' என்று நியூ டெல்லியின் பெயரை ஏன் வைத்தீர்கள் என்று இங்கே பெரும் சண்டை. கோபம் நியாயம்தான். ஆனால் சென்னையின் 44-ஐப் பற்றி அதில் பாதி சத்தம்கூட எழவில்லை.

நம்பிக்கை: இதெல்லாம் ஆஸ்பத்திரிக்குள் மட்டும்தான்.

2011-இல் வெளியான ஆய்வில், புது டெல்லியின் தெருக்களில் தேங்கிய நீரில் எடுத்த 171 மாதிரிகளில் 51-இலும், குழாய்நீர் மாதிரிகள் 50-இல் இரண்டிலும் மரபணு இருந்தது. சாக்கடைக்கு வார்டு கதவு ஒரு பொருட்டில்லை.

நம்பிக்கை: மருந்துதான் இந்த மரபணுக்களை உண்டாக்கியது.

பென்சிலினைச் சிதைக்கும் நொதியை ஆபிரகாம், செயின் என்ற ஆய்வாளர்கள் 1940-இலேயே விவரித்துவிட்டார்கள். அந்த மருந்து மக்கள் கைக்கு வருமுன்பே. 30,000 ஆண்டுப் பழமையான உறைமண்ணிலும் எதிர்ப்பு மரபணுக்கள் கிடைத்திருக்கின்றன. சளிக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாடிக் விழுங்கும்போது, எதிர்ப்பில்லாத பாக்டீரியாக்களைக் கொன்று, இருப்பவற்றுக்கு இடம் காலிசெய்து கொடுக்கிறோம். "உடம்புக்கு மருந்து பழகிப்போச்சு" என்பதும் தவறு. பழகியது பாக்டீரியா. ஆன்டிபயாடிக்கே தொடாதவருக்கும் அது தொற்றலாம்.

நம்பிக்கை: ரிப்போர்ட்டில் மரபணு வந்துவிட்டால் கதை முடிந்தது.

மலப் பரிசோதனையில் மட்டும் தெரிந்து, நோய்க்குறி எதுவும் இல்லையென்றால், அந்தக் கிருமி குடலில் சும்மா குடியிருக்கிறது என்று பொருள். வழக்கமாக அதற்கு ஆன்டிபயாடிக் தருவதில்லை; பக்கத்துப் படுக்கைக்குப் போகாதபடி கைகழுவலும் தனி ஏற்பாடும்தான் தேவை. தொற்றே வந்துவிட்டாலும் அஸ்ட்ரியோனம் என்ற ஆன்டிபயாடிக்கை என்.டி.எம்-1 நொதியால் உடைக்க முடியாது. மற்ற நொதிகளிடமிருந்து அதைக் காக்க அவிபாக்டத்தைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.