புதுப்பித்த பின் மோட்டார் ஓடாதது ஏன்?

கேள்வி: ஆழ்துளைக் கிணற்று மோட்டாரை ராஸ்பெர்ரி பை 4, ரிலே கொண்டு இயக்கிவந்தோம். மென்பொருளைப் புதுப்பித்த பிறகு ஜிபிஐஓ 17 வேலை செய்யவில்லை. போர்டு பழுதா?
– வாசகர், கீரமங்கலம், புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: போர்டு பழுதாக வாய்ப்பு குறைவு, எண் மாறியிருக்கும். 2024 மார்ச்சில் ராஸ்பெர்ரி பை இயங்குதளம் லினக்ஸ் 6.6 கெர்னலுக்கு மாறியது. அதன்பின் ‘சிஸ்எஃப்எஸ்’ என்னும் பழைய வழியில் ஜிபிஐஓ எண்கள் 0-க்குப் பதில் 512-இல் தொடங்குகின்றன. 17 என்றிருந்தது இப்போது 529. நிரலில் 512-ஐக் கூட்டினால் ஓடும். ஆனால் அடுத்த மாற்றத்தில் மறுபடி நின்றுவிடும். ‘ஜிபிஐஓ ஜீரோ’ போன்ற நூலகத்துக்கு மாற்றி எழுதுவதே நிலையான தீர்வு. பை 5-இல் பின்களை ஆர்பி1 என்ற தனிச் சிப் கவனிக்கிறது, பழைய ‘ஆர்பிஐ.ஜிபிஐஓ’ அங்கு இயங்காது.

எண் சரியாக இருந்தும் கோளாறு தொடர்ந்தால் ‘கான்ஃபிக்’ கோப்பைப் பார்க்க வேண்டும். 2023 அக்டோபரில் வந்த புக்வார்ம் பதிப்பில் அது ‘பூட்’ கோப்புறையிலிருந்து அதனுள் உள்ள ‘ஃபர்ம்வேர்’ கோப்புறைக்கு இடம்பெயர்ந்தது. பழைய இடத்தில் எழுதிய அமைப்புகளுக்குப் பலன் இராது. நிரல் தொடங்கும் முன் ஜிபிஐஓ பின் எந்த நிலையில் நிற்க வேண்டும் என்பதையும் அக்கோப்பிலேயே குறிக்கலாம். மோட்டார் தானாக ஓடத் தொடங்காமலிருக்க இது மிக அவசியம். பின்னின் நடப்பு நிலையை ‘பின்கன்ட்ரோல்’ கட்டளை காட்டும்.

ஸ்டார்ட்டருக்குச் செல்லும் மின்சாரத்தை நிறுத்தி, ரிலேக்குப் பதில் ரெசிஸ்டருடன் ஒரு எல்இடி இணைத்த பிறகே இவற்றைச் சோதிக்கவும்.