எடை குறைப்பு ஆபரேஷன்: மலையில் வாழும் தங்கச்சிக்கு அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி, எடை குறைப்பு ஆபரேஷன் செய்துகொள்ளலாமா என்று யோசிக்கிறாயா? அதைச் செய்துகொண்டவள் என்ற முறையில் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தியேட்டருக்குள் நடப்பது சில மணி நேர வேலை. அதற்கு முன்னால் சில மாதங்களும், அதன் பிறகு ஆயுள் முழுவதும் உன் பொறுப்பு. அதிலும் நீ கொடைக்கானல், மேல்மலை, கீழ்மலை என்று நம் பழனி மலைப் பக்கம் இருக்கிறாய். ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் மதுரையிலோ கோவையிலோ இருப்பார். ஆகவே மலை வாழ்க்கைக்கான ஏற்பாடுகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

1. உனக்கு இது தேவையா என்று பார்

எடையைக் கிலோவில் எடுத்துக்கொள். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, வரும் விடையால் எடையை வகு. கிடைப்பதுதான் பி.எம்.ஐ. அது 35-ஐத் தொட்டாலே, வேறு நோய் இல்லாவிட்டாலும், ஆபரேஷனைப் பரிந்துரைக்கலாம் என்று இத்துறை மருத்துவர்களின் சர்வதேச அமைப்புகள் 2022-ல் அறிவித்தன. நம்மைப் போன்ற ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வந்துவிடுவதால் 27.5-லிருந்தே பரிசீலிக்கலாம் என்றும் சொன்னார்கள். 5 அடி 2 அங்குலம் உயரமுள்ள பெண்ணுக்கு பி.எம்.ஐ. 35 என்றால் எடை சுமார் 87 கிலோ.

எண் பொருந்திவிட்டது என்பதற்காக உடனே தேதி வாங்காதே. தைராய்டு, பி.சி.ஓ.டி. இருக்கிறதா என்று பார். உணவு மாற்றம், நடை, 2025-ல் இந்தியாவுக்கு வந்த வாரம் ஒருமுறை போடும் எடை குறைப்பு ஊசிகள் ஆகியவற்றைப் பற்றியும் டாக்டரிடம் கேள். இவற்றால் முடியாது என்று தெளிவான பிறகு ஆபரேஷனைப் பற்றிப் பேசு.

2. எந்த ஆபரேஷன் என்று புரிந்துகொள்

நம் ஊரில் அதிகம் கேள்விப்படுவது இரண்டு. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். மிச்சம் இருப்பது ஒரு மலைவாழைப்பழம் போன்ற ஒடுக்கமான குழாய். பசியைத் தூண்டும் ஹார்மோன் பெரும்பாலும் அந்த வெட்டி எடுத்த பகுதியில்தான் சுரக்கும் என்பதால் பசியும் குறைகிறது. பைபாஸ் முறையில் இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையை உருவாக்கி, அதைச் சிறுகுடலோடு நேரடியாக இணைப்பார்கள்.

கடுமையான நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு ஸ்லீவ் அதை அதிகமாக்கலாம். நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு பைபாஸ் கூடுதல் பலன் தரலாம். பக்கத்து வீட்டுக்காரி செய்தாள் என்று நீயும் அதையே கேட்காதே. உன் எண்டோஸ்கோப்பி முடிவைக் காட்டி, ‘எனக்கு ஏன் இது?’ என்று கேட்டுத் தெரிந்துகொள்.

3. விளம்பரத்தைப் பார்த்து மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்காதே

2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரான பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனையில் இந்தச் சிகிச்சைக்குப் போன இளைஞர் உயிரிழந்தார். அரசு விசாரணைக் குழு அமைத்தது. அந்த மருத்துவமனையின் உரிமம் தற்காலிகமாக ரத்து செய்யப்பட்டது. உன்னைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. தேர்ந்த கைகளில் இது பாதுகாப்பான ஆபரேஷன்தான். ஆனால் கீழ்க்கண்டவற்றைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதே.

• முழு வசதியுள்ள ஐ.சி.யூ. அதே கட்டிடத்தில் இருக்கிறதா?
• அதிக எடை உள்ளவர்களுக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய மயக்க மருந்து நிபுணர் இருக்கிறாரா?
• டயட்டீஷியன் இருக்கிறாரா? எத்தனை வருடம் தொடர்ந்து பார்ப்பார்கள்?
• ராத்திரி 2 மணிக்கு வயிறு வலித்தால் யாருக்குப் போன் செய்வது?

செலவு விஷயம். பி.எம்.ஐ. 40 இருந்தாலோ, 35-க்கு மேல் இருந்து கட்டுப்படாத சர்க்கரை, இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல் போன்றவை இருந்தாலோ, 18 வயது நிறைந்தவருக்கு, மற்ற வழிகள் பலிக்காத நிலையில், டாக்டர் பரிந்துரையோடு செய்யும் இந்த ஆபரேஷனை ‘உடல் பருமன்’ என்ற ஒரே காரணத்துக்காக இன்ஷூரன்ஸ் கம்பெனி தள்ளிவிட முடியாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி அது. பாலிசியில் காத்திருப்புக் காலம் எவ்வளவு என்று மட்டும் பார்த்துக்கொள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அரசு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் நேரில் விசாரி.

4. முந்தைய வாரங்களை வீணாக்காதே

ஆபரேஷனுக்கு முன் இரண்டு வாரம் வரை திரவ உணவோ, மாவுச்சத்து குறைந்த உணவோ கொடுப்பார்கள். கொழுப்பு படிந்து வீங்கிய கல்லீரல் சுருங்கினால்தான் டாக்டருக்கு இரைப்பையை எட்ட இடம் கிடைக்கும். ‘இனி சாப்பிட முடியாதே’ என்று அந்த நாட்களில் பிரியாணி விருந்து வைத்துக்கொள்ளாதே. சர்க்கரை, பி.பி. மாத்திரைகளின் அளவை டாக்டர் மாற்றுவார்; நீயாக மாற்றாதே. மெதுவாகச் சாப்பிடவும், சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் இருக்கவும் இப்போதே பழகு.

வீட்டு ஏற்பாடும் முக்கியம். நாலு முதல் ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது. கேரட் மூட்டை, உருளைக்கிழங்கு மூட்டை, விறகுக் கட்டு, தண்ணீர்க் குடம் எதையும் தொடாதே. அந்த வேலைகளை யார் பார்ப்பார்கள் என்று முன்கூட்டியே பேசி முடித்துவை.

5. அவசரப்பட்டு மலையேறாதே

டிஸ்சார்ஜ் ஆன அன்றே வீட்டுக்கு வர ஆசையாக இருக்கும். மதுரையிலிருந்து கொடைக்கானல் சுமார் 120 கிலோமீட்டர். வத்தலக்குண்டு தாண்டினால் வளைவுகள். சீசனில் பெருமாள்மலை பக்கம் வண்டிகள் நின்றால் எப்போது நகரும் என்று சொல்ல முடியாது. மன்னவனூர், பூம்பாறை என்றால் அங்கிருந்து இன்னும் உள்ளே போக வேண்டும். உள்ளே இரைப்பையில் தையல் போட்ட இடத்தில் கசிவு வந்தால் பெரும்பாலும் முதல் சில வாரங்களில்தான் வரும். எனவே டாக்டர் ‘போகலாம்’ என்று சொல்லும் வரை கீழே, மருத்துவமனைக்கு அருகில், சொந்தக்காரர் வீட்டில் தங்கு.

இந்த அறிகுறிகளை எழுதிக் கதவில் ஒட்டிவை: காய்ச்சல், ஓய்வாக இருக்கும்போதே படபடவென்று இதயத் துடிப்பு, கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, தண்ணீர்கூட நிற்காத வாந்தி. ஒன்று தெரிந்தாலும் கஷாயம் போட்டுப் பார்த்துக்கொண்டு இருக்காதே. டாக்டருக்குப் போன் போடு, 108-ஐக் கூப்பிடு.

6. முதல் இரண்டு மாதச் சாப்பாடு

முதலில் தெளிந்த திரவம். பிறகு மோர், பால், பருப்புத் தண்ணீர், வடிகட்டிய கோழி சூப். அடுத்து மசித்த உணவு, பின் குழைந்த உணவு, ஏறக்குறைய இரண்டு மாதத்தில் வழக்கமான உணவு. உன் மருத்துவமனை தரும் அட்டவணையை நாள் தப்பாமல் பின்பற்று.

தண்ணீரில்தான் மலைக்காரர்கள் ஏமாந்துவிடுவோம். குளிரில் தாகமே தெரியாது. ஆனால் உடம்புக்குத் தினமும் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வேண்டும். பிளாஸ்கில் வெந்நீர் வைத்துக்கொண்டு, நாள் முழுக்க ஒவ்வொரு வாயாகக் குடி. சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே அரை மணி நேரம் இடைவெளி விடு. சோடா, கலர் வேண்டாம்.

7. தட்டில் முதலிடம் புரதத்துக்கு

தினமும் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் சுமார் 6 கிராம், 100 கிராம் பனீரில் 18 கிராம், வேகவைத்த 100 கிராம் கோழியில் 25 கிராமுக்கு மேல். நம் மலையில் விளையும் பட்டர் பீன்ஸ், பச்சைப் பட்டாணியும் கை கொடுக்கும். முதலில் முட்டை, பருப்பு, மீன், கோழி. அடுத்து குழைய வெந்த சௌசௌ, கேரட். வயிற்றில் இடமிருந்தால் கடைசியில் சோறு. ‘இன்னும் ஒரு வாய்’ என்று அம்மா ஊட்ட வந்தாலும் போதும் என்று தோன்றியதும் நிறுத்து. அந்த ஒரு வாய்தான் வாந்தியாக வெளியே வரும்.

8. பஞ்சாமிர்தமும் சாக்லேட்டும்

பழனிப் பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழம், வெல்லம், பேரீச்சை, கற்கண்டு, தேன் என்று அத்தனையும் இனிப்பு. பைபாஸ் ஆனவள் கரண்டி கரண்டியாகச் சாப்பிட்டால் இனிப்பு நேராகக் குடலுக்குள் இறங்கி, அரை மணிக்குள் வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு வரும். ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கித் தலைசுற்றலும் வரலாம். டாக்டர் அனுமதித்த பிறகு, சாப்பாட்டுக்குப் பின் விரல் நுனியில் தொட்டு வாயில் வைத்துக்கொள். முருகன் கோபிக்க மாட்டான்.

ஸ்லீவ் ஆனவளுக்கு வேறு ஆபத்து. கொடைக்கானல் ஹோம்மேட் சாக்லேட், ஐஸ்கிரீம் எல்லாம் வயிற்றில் தங்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். வயிறு நிறையாது, எடை மட்டும் ஏறும். பட்டர் ஃப்ரூட் நல்லதுதான். அதையும் இரண்டு மூன்று ஸ்பூனோடு நிறுத்து.

தைப்பூசப் பாதயாத்திரையும், தண்ணீர்கூடக் குடிக்காத சஷ்டி விரதமும் முதல் வருடம் வேண்டாம். பழனி மலைக் கோயிலுக்கு விஞ்சிலோ ரோப் காரிலோ போய் வா. உடம்பு தேறிய பிறகு படியேறலாம். அதுவரை கொடைக்கானல் ஏரியைச் சுற்றியுள்ள 5 கிலோமீட்டர் பாதை இருக்கிறது. மேடு பள்ளம் அதிகமில்லை. கால் வட்டத்தில் தொடங்கி மெல்ல முழு வட்டத்துக்கு வா.

9. மாத்திரையை நிறுத்தாதே

பல்வகை விட்டமின், பி12, டி, கால்சியம், இரும்புச்சத்து ஆகியவை டாக்டர் சொன்ன அளவில் ஆயுள் முழுக்க வேண்டும். இரும்பு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடு. வரக்காப்பியோடு இரும்பு மாத்திரை போட்டால் உடம்பில் ஒட்டாது. மழைக்காலத்தில் மண்சரிந்து பாதை அடைபடும். ஒரு மாத மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். முழங்கால் வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள், குறிப்பாக பைபாஸ் ஆனவர்களுக்கு, குடல்புண் உண்டாக்கும். உனக்கு ஆபரேஷன் ஆனதைக் கடைக்காரரிடமும் உள்ளூர் டாக்டரிடமும் சொல்.

10. முடி, குளிர், ஊர்ப்பேச்சு

மூன்றாவது மாதத்திலிருந்து முடி கொத்தாகக் கொட்டலாம். புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் சில மாதங்களில் திரும்ப வளரும். கொழுப்பு குறைவதால் குளிர் முன்பைவிட அதிகமாகத் தெரியும். மார்கழிக்கு முன்னாலேயே நல்ல ஸ்வெட்டரும் காலுறையும் வாங்கிவை. தோல் தொங்குவது இயல்பு. ‘கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சே, ஏதாவது வியாதியா?’ என்று கேட்பார்கள். ‘டாக்டர் சொல்படி குறைச்சேன்’ என்று ஒரே பதில் சொல். மனம் சோர்ந்து கிடந்தாலோ, சாப்பாட்டுக்குப் பதிலாக வேறு எதிலாவது ஆறுதல் தேடுவதாகத் தோன்றினாலோ, மனநல ஆலோசகரைப் பார்ப்பதும் சிகிச்சையின் பகுதிதான்.

11. குழந்தைத் திட்டம்

எடை குறைந்ததும் மாதவிடாய் சீராகி, எதிர்பாராமல் கரு தங்கிவிடலாம். 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பம் வேண்டாம் என்பார்கள்; வேகமாக எடை குறையும் அந்தக் காலத்தில் குழந்தைக்குச் சத்து போதாது. பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரை சரியாக உட்கிரகிக்கப்படாமல் போகலாம். வேறு முறையை மகப்பேறு மருத்துவரிடம் கேள்.

12. எடை திரும்பினால் ஒளிந்துகொள்ளாதே

ஸ்வீடனில் 1987-ல் தொடங்கி நீண்ட காலம் நடந்த ஆய்வில், ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் எடை இரண்டு வருடத்தில் சராசரியாக 23 சதவீதம் குறைந்திருந்தது. பத்தாவது வருடத்தில் அந்தக் குறைவு 17 சதவீதமாக இருந்தது. கொஞ்சம் திரும்புவது பலருக்கும் நடக்கிறது. அதே ஆய்வில், ஆபரேஷன் செய்யாத அதே மாதிரி எடைக்காரர்களைவிட இவர்களிடம் இறப்பும் குறைவாக இருந்தது. ஆகவே இரண்டு கிலோ ஏறிவிட்டது என்று வெட்கப்பட்டு டாக்டரைப் பார்க்காமல் இருந்துவிடாதே. ஏறத் தொடங்கிய மாதமே போனால் சரிசெய்வது சுலபம். முதல் வருடம் டாக்டர் சொல்லும் இடைவெளியிலும், பிறகு வருடம் ஒருமுறையும் ரத்தப் பரிசோதனை செய். அடுத்த பரிசோதனைத் தேதியை இன்றே காலண்டரில் குறித்துவை. துணைக்கு ஆள் இல்லை என்றால் அக்காவைக் கூப்பிடு, வருகிறேன்.